ரோடு பைக்குக்குச் சக்கரம் தேர்ந்தெடுப்பது எப்படி: டயரில் தொடங்கி ஹப் வரை

சக்கரம் மாற்ற நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது எடையை. அப்புறம் ரிம்மின் உயரத்தை, அதாவது விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி அது நீளும் அளவை. இந்த இரண்டையும் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுப் படியுங்கள். சாலையைத் தொடுவது டயர். டயரைப் பிடித்திருப்பது ரிம். ரிம்மைத் தாங்குவது ஸ்போக். எல்லாம் போய்ச் சேரும் இடம் ஹப். இதே வரிசையில், வெளியிலிருந்து உள்ளே முடிவெடுத்துக்கொண்டே போனால், எடையும் உயரமும் வழியிலேயே தாமாக முடிவாகிவிடும்.

படி 1: உங்கள் வண்டியில் ஏறுமா?

ஆசைப்படுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். இப்போதைய டயரின் பக்கவாட்டில் 28-622 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது டயரின் அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 622 என்றால் 700சி. ரோடு பைக்குகளில் பெரும்பாலும் இதுதான். 584 என்றால் 650பி.

அடுத்து பிரேக். கட்டைகள் ரிம்மையே பிடித்தால் ரிம் பிரேக், ஹப்பில் மாட்டிய தகட்டைப் பிடித்தால் டிஸ்க். ரிம் பிரேக் வண்டிக்கு டிஸ்க் சக்கரம் ஆகாது, டிஸ்க் வண்டிக்கு ரிம் பிரேக் சக்கரமும் ஆகாது. ஆக்சிலும் இதையொட்டியே வரும். ரிம் பிரேக் வண்டியில் பொதுவாகக் குவிக் ரிலீஸ், அதாவது லிவரைத் திருப்பி உடனே கழற்றும் மெல்லிய ஆக்சில். முன்னால் 100 மி.மீ., பின்னால் 130 மி.மீ. இடைவெளி. இன்றைய டிஸ்க் வண்டியில் ஃபிரேமுக்குள் திருகி நுழையும் 12 மி.மீ. த்ரூ ஆக்சில், முன்னால் 100, பின்னால் 142. டிஸ்க் பிரேக் புதிதாக வந்த காலத்து வண்டிகளில் பின்னால் 135 மி.மீ. குவிக் ரிலீஸ், முன்னால் 15 மி.மீ. ஆக்சில் என்று கலவையாக இருக்கும். அப்படிப்பட்ட வண்டி என்றால் சக்கரத்தைக் கழற்றி அளந்துபார்ப்பதே நல்லது.

டிஸ்க் தகட்டைப் பொருத்துவதிலும் இரண்டு முறை உண்டு: நடுவில் ஒரே வளையத்தால் இறுக்கும் சென்டர்லாக், ஆறு போல்ட். சென்டர்லாக் ஹப்பில் அடாப்டர் போட்டு ஆறு போல்ட் தகட்டை மாட்டலாம். மாற்றிச் செய்ய முடியாது. இரண்டு சக்கர ஜோடி வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் சென்டர்லாக் வசதி.

பின் சக்கரத்தில் கேசட் (கியர் பல் சக்கரங்களின் அடுக்கு) ஏறும் ஃப்ரீஹப்தான் பலரைக் கடையிலிருந்து திரும்ப வைக்கும் பொருள். கியர் நிறுவனங்களில் ஷிமானோவின் ரோடு கேசட்டுகளுக்கு எச்ஜி வகை. 11 ஸ்பீடு எச்ஜி ஃப்ரீஹப்பில் 8, 9, 10 ஸ்பீடு கேசட் போட வேண்டுமானால் பின்னால் 1.85 மி.மீ. வளையம் ஒன்று சேர்க்க வேண்டும். ஸ்ராமின் 12 ஸ்பீடு ரோடு கேசட்டில் 10 பல் சக்கரம் இருப்பதால் அதற்கு எக்ஸ்டிஆர் (XDR) வகை தேவை. கம்பன்யோலோவுக்குத் தனி. ஃப்ரீஹப்பை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய ஹப்பாகப் பார்த்து வாங்கினால், பின்னாளில் கியர் செட்டை மாற்றினாலும் சக்கரம் வீணாகாது.

படி 2: தராசில் ஏறுங்கள்

சக்கரத்தின் எடையை கிராம் கணக்கில் பேசுகிறவர்கள் தங்கள் எடையைச் சொல்லத் தயங்குவார்கள். ஆனால் சக்கரம் கேட்கிற முதல் கேள்வி அதுதான். நீங்கள், வண்டி, பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து எவ்வளவு? தயாரிப்பாளர் தரும் எடை வரம்பு சில சக்கரங்களுக்கு ஓட்டுபவருக்கு மட்டுமானது, சிலவற்றுக்கு மொத்தச் சுமைக்கானது. எது என்று தெளிவாகப் படித்துக்கொள்ளுங்கள். வரம்பை ஒட்டி நிற்கிறீர்கள் என்றால் அந்தச் சக்கரம் உங்களுக்கானது அல்ல. அடுத்த கனமான மாடலுக்குப் போங்கள்.

கூடவே சாலையையும் நேர்மையாக எடைபோட வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு பந்தயம், மீதி நாளெல்லாம் குண்டும் குழியுமான வழியில் வேலைக்குப் போவது என்றால், நீங்கள் வாங்க வேண்டியது வேலைக்குப் போகிற சக்கரம்.

படி 3: டயர், அதற்கேற்ற ரிம் அகலம்

ஒரு காலத்தில் 23 மி.மீ. டயரில் காற்றைக் கல்லாக அடித்து ஓட்டுவதுதான் வேகம் என்று எல்லோரும் நம்பினார்கள். இப்போது பந்தய வீரர்களே 28, 30 மி.மீ. டயருக்கு வந்துவிட்டார்கள். காரணம் எளிது. சாலை கண்ணாடிபோல இருப்பதில்லை. டயர் மிக இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு சிறு மேட்டிலும் வண்டியும் ஆளும் சேர்ந்து மேலே தூக்கப்படுகிறார்கள். அந்தத் தூக்கலுக்குச் செலவாகும் சக்தி உங்கள் காலிலிருந்துதான் போகிறது. அகலமான டயரைக் குறைந்த காற்றில் ஓட்டினால் மேட்டை டயரே விழுங்கிக்கொள்ளும்.

அதனால் முதலில் டயர் அகலத்தை முடிவு செய்யுங்கள். நல்ல சாலையில் பந்தயம் என்றால் 28. நெடுந்தூரத்துக்கு 30 அல்லது 32. தினசரிப் போக்குவரத்துக்கு ஃபிரேமில் இடமிருக்கும்வரை அகலம். மட்கார்டு போடுகிறவர்கள் அதற்கும் இடம் விட வேண்டும். ரிம் பிரேக் வண்டிகள் பலவற்றில் பிரேக்கின் கைகளுக்கு நடுவே 28-க்கு மேல் நுழையாது, அதையும் பாருங்கள்.

இப்போது ரிம்மின் உள்ளகலம். பழைய ரிம்களில் 15 மி.மீ. வழக்கம். அப்புறம் 17, 19 வந்தன. இன்று 21 முதல் 25 வரை. 28 முதல் 32 வரையிலான டயருக்கு 21 முதல் 23 மி.மீ. உள்ளகலம் சங்கடமில்லாத இடம். ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: டயரில் அச்சிட்ட எண் ஒரு மதிப்பீடுதான். குறுகிய ரிம்மில் 28 அளக்கும் டயர், அகலமான ரிம்மில் 30-ஐத் தொடும். ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் 4 மி.மீ. காற்றோட்டம் இல்லையென்றால் ஈரமண் ஒட்டிய நாளில் டயர் ஃபிரேமைச் சுரண்டும்.

இங்கே ஹூக் இல்லாத ரிம் பற்றிச் சொல்லியாக வேண்டும். வழக்கமான ரிம்மின் விளிம்பில் உள்நோக்கி ஒரு சிறு கொக்கி இருக்கும். டயரின் ஓரம் அதில் மாட்டிக்கொள்ளும். கொக்கியே இல்லாமல் நேர்ச்சுவராக வரும் கார்பன் ரிம்கள் இப்போது நிறைய. செய்வது எளிது, விளிம்பு தடிமனாக இருப்பதால் குழியில் இடித்தாலும் கொஞ்சம் தாங்கும். ஆனால் விதிகள் கறாரானவை: அதற்கென்று ஒப்புதல் பெற்ற ட்யூப்லெஸ் டயர் மட்டுமே போட வேண்டும், காற்று 5 பாரைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ. ரிம்மின் உள்ளகலத்துக்கு ஏற்ப டயருக்குக் குறைந்தபட்ச அகலமும் உண்டு, 25 மி.மீ. உள்ளகலம் என்றால் 29-க்குக் குறைந்த டயர் கூடாது. 2024 யுஏஇ டூர் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கெண்ட்டின் டயர் இப்படிப்பட்ட ரிம்மிலிருந்து கழன்று அவர் விழுந்தபோது, வீரர்கள் சங்கம் இவற்றை எதிர்த்துக் குரல் எழுப்பியது. என் கருத்து: உடல் எடை அதிகமுள்ளவர்கள், டயரை அடிக்கடி மாற்றுகிறவர்கள், கிடைத்த டயரைப் போட்டு ஓட்ட வேண்டிய நெடும்பயணக்காரர்கள் கொக்கியுள்ள ரிம்மையே வாங்குங்கள். அதில் ட்யூப் போடலாம், ட்யூப்லெஸ்ஸும் போடலாம்.

படி 4: ரிம்மின் உயரமும் எடையும்

சரி, இப்போது எல்லோரும் காத்திருந்த பகுதி.

சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் போகும்போது உங்கள் சக்தியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. 30-லிருந்து 40-க்கு வேகத்தைக் கூட்ட, காற்றுக்கு மட்டும் சுமார் 2.4 மடங்கு சக்தி வேண்டும். உயரமான ரிம் இங்கேதான் உதவுகிறது. டயரைக் கடந்து வரும் காற்று ரிம்மின் வளைவை ஒட்டி வழுக்கிப் போகிறது, கூடவே காற்றைக் கடையும் ஸ்போக்கின் நீளமும் குறைகிறது. ஆனால் இந்தப் பலன் முழுமையாகக் கிடைக்க டயரைவிட ரிம் கொஞ்சம் அகலமாக இருக்க வேண்டும். சக்கரம் தயாரிக்கும் ஜிப் நிறுவனத்தில் பணியாற்றிய ஜோஷ் போர்ட்னர் சொன்ன கணக்குப்படி, ரிம்மின் வெளி அகலம் டயரின் உண்மை அகலத்தில் 105 சதவீதமாவது இருக்க வேண்டும். 50 மி.மீ. உயர ரிம் வாங்கி அதைவிடப் பிதுங்கி நிற்கும் டயரைப் போட்டால், உயரத்துக்குக் கொடுத்த பணத்தில் பாதி காற்றோடு போயிற்று.

உயரத்துக்கு விலை பக்கக்காற்று. முன் சக்கரம் ஹேண்டில்பாருடன் சேர்ந்து திரும்புவதால் திடீர்க் காற்று அதைப் பிடித்துத் திருப்பும். பின் சக்கரம் திரும்பாது, அங்கே உயரம் அவ்வளவு தொந்தரவு தராது. அதனால்தான் பலர் முன்னால் 40, பின்னால் 50 என்று போடுகிறார்கள். 60 கிலோவுக்குக் குறைந்தவர்கள், திறந்தவெளியிலும் பாலங்களிலும் அடிக்கடி ஓட்டுபவர்கள் முன்னால் 35 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்ளலாம். காற்றுக்குப் பயந்து, குனிந்து ஓட்டும் ஏரோ நிலையிலிருந்து எழுந்து நிமிர்ந்து ஓட்டினால், ரிம் மிச்சம்பிடித்ததைவிட அதிகமாக உங்கள் நெஞ்சு காற்றில் இழந்துவிடும்.

எடை? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ. புதுச் சக்கரம் 400 கிராம் குறைவு. மொத்தத்தில் அரை சதவீதம். ஒரு மணி நேரம் பிடிக்கும் ஏற்றத்தில் சுமார் 18 நொடி மிச்சம். பந்தயத்தில் 18 நொடி பெரிது, மறுக்கவில்லை. வார இறுதி ஓட்டத்தில் அது ஒரு மடக்கு தண்ணீர் குடிக்கும் நேரம். ரிம்மின் எடை வேகமெடுக்கும்போது இரு மடங்காகக் கணக்கில் வரும் என்பது உண்மைதான். ரிம் முன்னோக்கியும் நகர வேண்டும், சுழலவும் வேண்டும். ஆனால் வேகமெடுத்துவிட்டால் அந்தச் சக்தி சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. அடிக்கடி தாவி வேகமெடுக்க வேண்டிய வட்டப் பந்தயத்தில்தான் அந்த வித்தியாசம் காலில் தெரியும்.

பொருள் எது என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். 30 மி.மீ. உயரம்வரை அலுமினியம் அருமையாக இருக்கும். அதற்கு மேல் போனால் எடை ஏறும், அங்கிருந்து கார்பனின் ராஜ்ஜியம். ஒரே ஒரு எச்சரிக்கை, ரிம் பிரேக்காரர்களுக்கு: கார்பன் ரிம்மில் நீண்ட இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்தால் சூட்டில் அதன் ரெசின் (இழைகளை ஒட்டிவைக்கும் பசை) இளகக்கூடும். மழையில் பிடிப்பும் தாமதமாகும். மலை இறக்கம் உங்கள் வழியில் உண்டு, வண்டியோ ரிம் பிரேக் என்றால், அலுமினியத்தோடு நிம்மதியாக இருங்கள்.

படி 5: ஸ்போக், சக்கரத்தின் ஆயுள் இருக்கும் இடம்

விளம்பரத்தில் கடைசி வரியில் வருவது ஸ்போக். நான் முதலில் பார்ப்பது அதை.

சக்கரம் சுழலும்போது தரையை ஒட்டிய ஸ்போக்குகள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகுகின்றன. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 475 தடவை. நல்ல இறுக்கத்தில், எல்லாம் சமமாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தை ஸ்போக் லட்சக்கணக்கான சுற்றுக்குத் தாங்கும். தளர்வாக இருக்கும் ஸ்போக்தான் முழுதாகத் தொய்ந்து, மறுபடி இழுபட்டு, ஹப்பில் வளைந்து நுழையும் முழங்கையில் களைத்து உடையும். பெரும்பாலும் உடைவது பின் சக்கரத்தில். கேசட்டுக்கு இடம் விடுவதற்காக அங்கே இரண்டு பக்க ஸ்போக்கும் வெவ்வேறு சரிவில் நிற்பதால், ஒரு பக்கம் கடும் இறுக்கம், மறுபக்கம் அதில் பாதியளவுதான். துளைகளை நடுவிலிருந்து தள்ளிப் போட்ட ரிம் இந்த வித்தியாசத்தைக் குறைக்கும், கிடைத்தால் விடாதீர்கள்.

எத்தனை ஸ்போக்? 20 ஸ்போக் சக்கரத்தில் ஒன்று உடைந்தால் ரிம் அங்கேயே கோணிக்கொண்டு பிரேக்கிலோ ஃபிரேமிலோ உரசும். பெரும்பாலும் பயணம் அதோடு முடிந்தது. 32 ஸ்போக்கில் ஒன்று போனால், பக்கத்து ஸ்போக்குகளில் ஆளுக்கொரு சுற்று கொடுத்துப் பெண்டு எடுத்து வீட்டுக்கு ஓட்டிவரலாம். ஆகவே பந்தயத்துக்கு 20 அல்லது 24. 75 கிலோவுக்குக் குறைந்தவர்களின் நெடும்பயணத்துக்கு முன்னால் 24, பின்னால் 28. அதைவிட எடை, அல்லது பையோடு பயணம் என்றால் 28, 32. டிஸ்க் சக்கரத்தில் பிரேக் விசை ஹப்பிலிருந்து ரிம்முக்கு ஸ்போக் வழியாகத்தான் போகிறது, அதனால் முன்னாலும் குறுக்கே பின்னிய ஸ்போக்குகள் வேண்டும்.

ஸ்போக்கின் வகையில் நான் பழமைவாதி. நடுவில் மெலிந்து இரு முனையும் தடித்த, தலை வளைந்த சாதாரண ஸ்டீல் ஸ்போக் எங்கே போனாலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் மாற்றுவார். தட்டையான ஸ்போக்கும் நல்லதே, காற்றைக் கொஞ்சம் நன்றாக வெட்டும். கார்பன் ஸ்போக், அந்தந்த நிறுவனத்தின் தனி அளவு ஸ்போக் எல்லாம் உதிரி எளிதில் கிடைக்கும்போது மட்டுமே. ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும். அலுமினிய நிப்பிள் சில பத்து கிராம் மிச்சம் பிடிக்கும். உப்புக் காற்றிலும் மழையிலும் சில வருடத்தில் ஸ்போக்கோடு ஒட்டிக்கொண்டு, சாவி போட்டுத் திருப்பினால் உருண்டு உடையும். ரிம்முக்குள் மறைந்திருக்கும் நிப்பிள் பார்க்க அழகு. ஆனால் சிறு பெண்டு எடுக்கவும் டயரையும் டேப்பையும் கழற்ற வேண்டும்.

படி 6: ஹப்

ஹப் உங்களை வேகமாக்காது. அமைதியாக, நீண்ட நாள் வேலை செய்வதே அதன் வேலை. சீல் வைத்த கார்ட்ரிட்ஜ் பேரிங் தேய்ந்தால் தட்டி எடுத்துவிட்டு அதே எண்ணுள்ள புதியதைப் போடலாம். ஷிமானோ போன்றவை குண்டு, கூம்பு முறையைத் தொடர்கின்றன. ஆண்டுக்கு ஒரு தடவை கிரீஸ் மாற்றி, ஆட்டம் இல்லாமல் சரிசெய்தால் வெகுகாலம் உழைக்கும், கவனிக்காமல் விட்டால் கூம்பு குழிந்துவிடும். உங்களுக்கு எது நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்று பயணம், மூன்று சக்கரம்

பந்தயத்துக்கு: 45 முதல் 50 மி.மீ. கார்பன், 21 முதல் 23 உள்ளகலம், 28 டயர். யுசிஐ (சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு) விதிப்படி எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் பந்தயங்களில் 2026 முதல் ரிம்மின் உயரம் 65 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. வண்டியின் குறைந்தபட்ச எடை 6.8 கிலோ என்பது 2000-லிருந்தே இருக்கும் விதி. டிஸ்க் வண்டிகள் பலவும் அதற்கு மேலேதான் நிற்கின்றன. ஏற்றப் பந்தயம் மட்டுமே உங்கள் உலகம் என்றால் 30-35 மி.மீ. இலகு ரிம். ஆனால் டயருக்கும் பணம் ஒதுக்குங்கள். சுமாரான டயரிலிருந்து நல்ல பந்தய டயருக்கு மாறுவது, பல நேரம் ரிம் மாற்றத்தைவிடக் குறைந்த செலவில் அதிக வேகம் தரும்.

தினசரிப் போக்குவரத்துக்கு: அலுமினியம், 28 அல்லது 32 ஸ்போக், பித்தளை நிப்பிள், சீல் வைத்த பேரிங், பஞ்சர் தாங்கும் டயர். அவ்வளவுதான். பூட்டிவிட்டுப் போகும் வண்டியில் கண்ணைப் பறிக்கும் சக்கரம் வேண்டாம். ரிம் பிரேக் என்றால் மழைக்கால மணல் ரிம்மையே தேய்த்துவிடும். பிரேக் படும் இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். உள்ளே குழிந்திருந்தாலோ, தேய்மான அடையாளமாக இட்ட சிறு குழி மறைந்திருந்தாலோ, ரிம்மின் காலம் முடிந்தது. இருட்டில் போய்வருபவர்களுக்கு முன் சக்கரத்தில் டைனமோ ஹப் ஒரு வரம்.

நெடுந்தூரத்துக்குத்தான் உண்மையில் அதிகம் யோசிக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே ஓட்டங்களில் 200 கி.மீ.க்கு 13.5 மணி நேரம், 600-க்கு 40 மணி நேரம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஏறக்குறைய 1,200 கி.மீ.; உச்ச வரம்பு 90 மணி. இந்தக் கணக்கில் சக்கரம் மிச்சம்பிடிக்கும் சில நிமிடத்தைவிட, இரவு 2 மணிக்கு ஸ்போக் உடையாமல் இருப்பது பெரிது. நான் எடுப்பது 30 முதல் 40 மி.மீ. உயரம், கொக்கியுள்ள ரிம், 24/28 ஸ்போக், 30 அல்லது 32 டயர். இரவு ஓட்டம் உண்டு என்றால் முன்னால் 6 வோல்ட், 3 வாட் டைனமோ ஹப். பேட்டரி கவலை ஒழிந்தது. ட்யூப்லெஸ் போட்டாலும் ஒரு ட்யூப் பையில் இருக்கட்டும், அந்த டயரை வெறுங்கையால் கழற்ற முடிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சில ரிம்-டயர் ஜோடிகளுக்கு இரண்டு டயர் லிவரும் நிறைய பொறுமையும் தேவைப்படும். மழையில் விரல் மரத்திருக்கும்போது அதைக் கற்றுக்கொள்ளக் கூடாது.

படி 7: பெட்டியைத் திறந்ததும்

டயர் ஏற்றுவதற்கு முன் சக்கரத்தை ஆக்சிலில் பிடித்துச் சுழற்றி, ரிம் பக்கவாட்டில் ஆடுகிறதா என்று ஏதாவது நிலையான முனையை வைத்துப் பாருங்கள். அப்புறம் ஒரே பக்கத்து ஸ்போக்குகளை நடுவில் நகத்தால் மீட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக 'தொப்' என்றால் அது தளர்வு. பின் சக்கரத்தில் இரண்டு பக்கமும் வேறு வேறு சுருதியில்தான் இருக்கும், அது குறையல்ல. இரண்டு மூன்று ஸ்போக் மந்தமாக இருந்தால் ஓட்டுவதற்கு முன்பே மெக்கானிக்கிடம் கொடுங்கள். சரியாக இருந்தாலும், முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு இதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். புதுச் சக்கரத்தில் ஸ்போக்குகள் இடம்பிடித்து உட்கார்ந்து கொஞ்சம் தளர்வது வழக்கம்.

மாட்டியதும் கியர் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். ஹப்புக்கு ஹப் கேசட் அரை மில்லிமீட்டர் தள்ளி உட்காரும். பெரிய பல் சக்கரத்தில் இருக்கும்போது டிரெயிலியர் (செயினைப் பல் சக்கரத்துக்குப் பல் சக்கரம் தள்ளும் கை) ஸ்போக்கில் உரசாதபடி லிமிட் ஸ்குரூவைச் சரிபார்க்க வேண்டும். டிஸ்க் தகடும் அப்படித்தான், தகட்டைக் கவ்வும் கேலிப்பரைத் தளர்த்தி நடுவில் வைத்து இறுக்குங்கள். ரிம் பிரேக்கில் அலுமினியத்திலிருந்து கார்பனுக்கு மாறினால் பிரேக் கட்டைகளையும் கட்டாயம் மாற்றுங்கள். பழைய கட்டையில் பதிந்திருக்கும் அலுமினியத் துகள் முதல் இறக்கத்திலேயே புது ரிம்மில் கோடு கிழித்துவிடும்.